ஆலைக்குள் மொபைல் போன்: எங்கே முழுத் தடை, எங்கே தூரம் மட்டும் போதும்?

களப்பணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆலையின் மொபைல் போன் விதியைத் திருத்தி எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. இப்போது இருப்பது ஒரே வரிதான்: "வளாகத்துக்குள் போனை அணைத்து வைக்கவும்." கேட்டிலிருந்து கேன்டீன் வரை அதே போர்டு தொங்குகிறது. எல்லா இடத்திலும் தொங்குவதாலேயே எந்த இடத்திலும் அதை யாரும் மதிப்பதில்லை. இடத்துக்கு இடம் காரணத்தோடு எழுதினால் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். கணக்கில் எடுக்க வேண்டிய இடங்கள் இவை:

1. கரைப்பான் டேங்குகளும் டிரம் நிரப்பும் கொட்டகையும். டொலுவீன், அசிட்டோன், எத்தனால்.
2. ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி சார்ஜ் செய்யும் அறை. எல்லாம் லெட்-ஆசிட்.
3. ஆய்வகம் (0.1 மில்லிகிராம் தராசு, பிஎச் மீட்டர்), டிரம் எடைமேடை, கண்ட்ரோல் பேனல்கள்.
4. முதலுதவி அறை. ஈசிஜி, ஏஇடி (நின்றுபோகும் இதயத்துக்கு வெளியிலிருந்து மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) இரண்டும் இருக்கின்றன.
5. மார்பில் ஐசிடி (துடிப்பு ஆபத்தாக மாறினால் உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுக்கும் இதயக் கருவி) பொருத்திக்கொண்ட சக ஊழியர் ஒருவர் அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறார்.

ஃபிளைட் மோடில் போட்டால் எல்லா இடத்துக்கும் போதுமா? பெட்ரோல் பங்கில் போன் பேசினால் தீப்பிடிக்கும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லி வருகிறோம். அதைத் தொடரலாமா?

---

மின்தடை எழுதியது:

உங்கள் பட்டியலின் முதல் இடத்துக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன், அதுதான் உயிரோடு விளையாடும் இடம்.

போனுக்குள் மூன்று தனித்தனி ஆபத்துகள் இருக்கின்றன: ரேடியோ அலை, பேட்டரி, காந்தம். எந்த இடத்தில் எது பகை என்று பிரித்துவிட்டால் விதி தானாக எழுதிக்கொள்ளும். "அணைத்து வை" என்ற ஒரே வரி தோற்பதும் இதனால்தான். அணைத்தால் முதலாவது மட்டுமே போகிறது. பேட்டரியும் காந்தமும் அப்படியேதான் இருக்கின்றன.

கரைப்பான் டேங்க் பக்கத்தில் ரேடியோ அலை பெரிய விஷயமில்லை. வெடிக்கும் சூழலுக்கான ஐஇசி 60079-0 தரத்தில் ரேடியோ திறனுக்கு வரம்பு கொடுத்திருக்கிறார்கள்: ஐஐசி குழு வாயுக்களுக்கு (ஹைட்ரஜன் போல மிக எளிதில் பற்றுபவை) 2 வாட், ஐஐபி-க்கு 3.5 வாட், ஐஐஏ-வுக்கு 6 வாட். பழைய 2ஜி போன் உச்சத்தில் 2 வாட், அதுவும் எட்டில் ஒரு பங்கு நேரம்தான் அனுப்புகிறது. 4ஜி போன் சுமார் 0.2 வாட். அலை மட்டும் தனியாக நின்று ஆவியைப் பற்றவைப்பது கடினம்.

பேட்டரி வேறு கதை. 4,000 மில்லி ஆம்பியர்-மணி, 3.85 வோல்ட் என்றால் 15.4 வாட்-மணி. ஜூலில் 55,000-க்கு மேல். டொலுவீன் ஆவி காற்றோடு சரியான விகிதத்தில் கலந்திருக்கும்போது அதைப் பற்றவைக்க ஏறக்குறைய கால் மில்லிஜூல் போதும். சட்டைப்பையில் இருப்பதில் ஒரு துளி, தப்பான இடத்தில் ஒரு பொறியாக வந்தால் போதும் என்று பொருள். அது வெளிவரும் வழிகள்: போன் கீழே விழுந்து செல் நசுங்குவது, பேட்டரி உப்பி உள்ளே ஷார்ட் ஆவது, சார்ஜ் பின் கழன்று மாட்டுவது, அதிர்வு மோட்டாரின் பிரஷ்ஷில் எழும் சின்னப் பொறி.

இதில் கீழே விழுவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மேன்ஹோலை எட்டிப் பார்க்கக் குனியும்போதுதான் மேல்பையில் உள்ள போன் நழுவும். உங்கள் மூன்று கரைப்பான்களின் ஆவியும் காற்றைவிடக் கனம்: எத்தனால் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், அசிட்டோன் இரண்டு மடங்கு, டொலுவீன் மூன்று மடங்குக்கும் மேல். அதனால் ஆவி தரையிலும் வடிகாலிலும் பள்ளத்திலும் தேங்கும். போன் போய் விழுவதும் அங்கேதான்.

ஆகவே ஃபிளைட் மோடு இங்கே எதற்கும் உதவாது. சுவிட்ச் ஆஃப் கொஞ்சம் உதவும், போதாது. சாதாரண போன் ஜோன் 0, 1, 2 (வெடிக்கும் ஆவி எப்போதும், அவ்வப்போது, அரிதாக இருக்கும் பகுதிகள்) எதற்குள்ளும் போகக்கூடாது. கை கடிகாரம், காதில் மாட்டும் இயர்பட், பவர் பேங்க், எல்இடி டார்ச், காரின் ரிமோட் சாவி எல்லாம் இதே கணக்குதான். விதியில் "மொபைல்" என்று மட்டும் எழுதினால் இயர்பட்டோடு உள்ளே போவார்கள். "பேட்டரி உள்ள எந்தச் சொந்தப் பொருளும்" என்று எழுதுங்கள்.

போன் வைக்கும் லாக்கரை ஜோன் எல்லைக்கு வெளியே வையுங்கள். எல்லை எது என்பதைக் கொட்டகையின் கதவைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. உங்கள் ஆலையின் ஜோன் வரைபடம்தான் சொல்ல வேண்டும். டேங்குக்குள் ஜோன் 0, வென்ட், மேன்ஹோல், நிரப்பும் வாயைச் சுற்றி ஜோன் 1, அதற்கு வெளியே ஒரு வளையம் ஜோன் 2 என்பது வழக்கமான அமைப்பு. ஆனால் மீட்டர் கணக்கு தளத்துக்குத் தளம் மாறும். வரைபடம் பழையதாக இருந்தால், போன் விதி எழுதும் முன் அதைப் புதுப்பியுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள், மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

---

அலைநீளம் எழுதியது:

மேலே சொன்னது சரி. ஆய்வகத்திலும் எடைமேடையிலும் நிலைமை நேர்மாறு. அங்கே பேட்டரியால் பயமில்லை, அலைதான் பகை. அதனால் ஃபிளைட் மோடு அங்கே உண்மையான மருந்து.

கணக்கு எளிது. மின்புல வலிமை (வோல்ட்/மீட்டர்) = 6 × திறனின் வர்க்கமூலம் ÷ தூரம். 2 வாட் போன் 30 செ.மீ. தூரத்தில் 28 வோல்ட்/மீட்டர் கொடுக்கும். 1 மீட்டரில் 8.5. ஏறக்குறைய 3 மீட்டருக்குப் போனால் 3-க்குக் கீழே இறங்கும். 0.2 வாட் போன் 30 செ.மீ.யில் 9, 1 மீட்டரில் 2.7. சில செ.மீ. நெருக்கத்தில் இந்தச் சூத்திரம் பொருந்தாது, புலத்தின் வடிவமே அங்கே வேறு. கருவியின் மேலேயே போனை வைத்தால் என்ன ஆகும் என்று இதை வைத்துக் கணிக்காதீர்கள்.

தொழிற்சாலைக் கருவிகளைப் பொதுவாக 10 வோல்ட்/மீட்டருக்கும், அலுவலக, இலகு வகைக் கருவிகளை 3 வோல்ட்/மீட்டருக்கும் சோதிப்பார்கள். அதிர்வெண் ஏற ஏறத் தொழிற்சாலை அளவும் 3 வரை இறங்கும். மூடி மூடிய கண்ட்ரோல் பேனலுக்கு 1 மீட்டர் போதும். ஆய்வகக் கருவிக்கு 3 மீட்டர், இல்லாவிட்டால் ஃபிளைட் மோடு.

பேனல் கதவைத் திறந்தவுடன் கணக்கு மாறும். அந்தத் தகரக் கதவுதான் கவசம். அளவைச் சிக்னலாக மாற்றி அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் மூடியைக் கழற்றி டெர்மினலைப் பார்க்கும்போது தோளில் போனை இடுக்கிக்கொண்டு கண்ட்ரோல் ரூமோடு பேசுவதுதான் மிக மோசமான நிலை: கவசமும் இல்லை, தூரமும் இல்லை. அந்தச் சிக்னல் போகும் 4-20 மில்லி ஆம்பியர் லூப்பில் 1 சதவீதம் என்பது 0.16 மில்லி ஆம்பியர். இவ்வளவு ஏறினால் ஒரு வால்வு நகரும்.

பிஎச் மீட்டரைப் பாருங்கள். 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகு 59 மில்லிவோல்ட். கண்ணாடி எலக்ட்ரோடின் மின்தடை மிக அதிகம், அதன் கேபிள் ஒரு ஆன்டெனா மாதிரி வேலை செய்யும். ஆம்ப்ளிஃபையரின் நுழைவில் அலை டிசி மின்னழுத்தமாக மாறி 3 மில்லிவோல்ட் கூட்டினால் 0.05 பிஎச் பிசகு. பார்ப்பவர் எலக்ட்ரோடு பழசாகிவிட்டது என்று மாற்றுவார். எடைமேடையும் அப்படித்தான். லோட் செல் (எடையை உணரும் உறுப்பு) 2 மில்லிவோல்ட்/வோல்ட், 10 வோல்ட் கொடுக்கிறோம், முழுத் திறன் 500 கிலோ என்றால் 20 மில்லிவோல்ட்டில் 500 கிலோவைப் படிக்கிறோம். ஒரு கிலோவுக்கு 40 மைக்ரோவோல்ட். காட்சிப்பெட்டியின் மேல் போனை வைத்துவிட்டு டிரம் நிரப்பினால், அழைப்பு வரும் நொடியில் எண் ஆடும், தானியங்கி வால்வு முன்போ பின்போ மூடும். எண் ஒரே திசையில் நகராமல் விட்டுவிட்டுத் துள்ளினால் போனைச் சந்தேகியுங்கள். மெதுவாக ஒரு பக்கமாக நகர்ந்தால் வெப்பம், ஈரம், செல் பழுது.

இரண்டு நுணுக்கங்கள். ஒன்று, போன் பேசாமல் இருக்கும்போதும் அனுப்புகிறது. மணி அடிக்கும் முன்பே டவரோடு பேசத் தொடங்கிவிடும்; பழைய ஸ்பீக்கரில் "டிட்டிட் டிட்டிட்" என்ற சத்தம் மணிக்கு முன் வருவது அதனால்தான். 2ஜி-யின் துடிப்பு நொடிக்கு 217 தடவை, காதில் கேட்கும் எல்லைக்குள் இருக்கிறது. சைலன்ட் மோடு இதைத் தடுக்காது. இரண்டு, சிக்னல் குறைந்த இடத்தில் போன் திறனைக் கூட்டும். ஒரு கோடு மட்டும் காட்டும் நிலத்தடி அறையிலும் இரும்புச் சட்டங்களுக்கு நடுவிலும் அது முழுத் திறனில் கத்தும். அந்த அறைகளுக்கு அதிக தூரம் எழுதுங்கள்.

வாக்கி-டாக்கியை மறந்துவிடாதீர்கள். 5 வாட் செட் 1 மீட்டரில் 13 வோல்ட்/மீட்டர். போனுக்கு 1 மீட்டர் எழுதிவிட்டு வாக்கி-டாக்கியைத் திறந்த பேனல் முன் அனுமதித்தால் விதிக்கு அர்த்தமில்லை. அதற்கு 2 மீட்டருக்குக் குறையாமல் வையுங்கள், கதவு திறந்திருந்தால் அனுப்பும் பொத்தானை அழுத்தவே கூடாது.

உங்கள் கருவிகள் எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள். ஜோனுக்கு வெளியே உள்ள கருவியில் மட்டும். லூப்பை மேனுவலில் போட்டு, கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிட்டு, அழைப்பில் இருக்கும் போனை 2 மீட்டர், 1 மீட்டர், 50 செ.மீ., 30 செ.மீ. என்று படிப்படியாகக் கிட்டக் கொண்டுபோய் எண்ணைக் குறியுங்கள். ஆடத் தொடங்கும் தூரத்தின் இரண்டு மடங்கை விதியாக்குங்கள். அவசரமாக நிறுத்தும் சர்க்யூட், தீ எச்சரிக்கைப் பேனல் இவற்றில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

---

இதயத்துடிப்பு எழுதியது:

ஐசிடி-க்கு நான் பதில் சொல்கிறேன். இங்கே பகை பெரும்பாலும் காந்தம்.

பேஸ்மேக்கர், ஐசிடி இரண்டிலும் காந்தத்தை உணரும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. மருத்துவர் வெளியிலிருந்து காந்தம் வைத்து நிலையை மாற்றுவதற்காக வைத்தது. சுமார் 10 காஸ் (காந்தப் புலத்தை அளக்கும் அலகு) போதும், அது வேலை செய்துவிடும். பேஸ்மேக்கர் இதயத்தைக் கவனிக்காமல் ஒரே வேகத்தில் துடிக்க வைக்கும். ஐசிடி அதிர்ச்சி சிகிச்சையை நிறுத்திவைக்கும். இந்த இரண்டாவதுதான் கவலைக்குரியது. அணிந்திருப்பவருக்கு வலியோ மயக்கமோ எதுவும் தெரியாது. காப்பாற்ற வேண்டிய நொடியில்தான் அது வேலை செய்யவில்லை என்று தெரியும். காந்தத்தை எடுத்தால் பெரும்பாலான கருவிகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

முதுகில் காந்த வளையம் வைத்த போன்கள் 2020-இல் ஐபோன் 12-ஓடு பரவலாயின. அடுத்த ஆண்டே அவற்றை மார்பின் மேல் வைத்தால் ஐசிடி நின்றுபோவதாக மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளரே தரும் தூரம்: 15 செ.மீ.க்கு மேல், கம்பியில்லா சார்ஜில் இருந்தால் 30 செ.மீ.க்கு மேல். அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் எஃப்டிஏ-வும் 15 செ.மீ.தான் சொல்கிறது.

உங்கள் ஊழியருக்கு இதை இப்படி எழுதிக்கொடுங்கள்: போனைச் சட்டை மேல்பையில் வைக்கக்கூடாது, பேன்ட் பையிலோ இடுப்புப் பையிலோ வைக்கலாம். கருவி இருக்கும் பக்கத்துக்கு எதிர்க் காதில் பேச வேண்டும், பெரும்பாலும் கருவி இடப்பக்கம் என்பதால் வலக் காது. போனை மார்பில் வைத்துக்கொண்டு படுக்கக்கூடாது. இயர்பட் பெட்டி, காந்தக் கொக்கி உள்ள கடிகாரப் பட்டை, அடையாள அட்டையைச் சட்டையில் மாட்டும் காந்த கிளிப், ஹெட்போன் எல்லாவற்றுக்கும் அதே 15 செ.மீ. அடையாள அட்டையின் காந்த கிளிப்பைப் பலரும் கவனிப்பதில்லை. நாள் முழுக்கச் சரியாக மார்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அவருக்கு முதல் நாளே ஊக்கு வைத்த அட்டை கொடுத்துவிடுங்கள்.

இதில் அவரைக் குறுக்கவும் வேண்டாம். பக்கத்தில் நிற்பவர் போன் பேசுவதால் அவருக்கு ஒன்றும் ஆகாது. சக ஊழியர்கள் பயந்து விலகினால் அது தேவையில்லாத வேதனை. அவருடைய வேலையில் வெல்டிங், பெரிய மோட்டார், தூக்கும் மின்காந்தம் ஏதாவது வருகிறது என்றால் போனைவிட அவைதான் முக்கியம். அவர் பரிசோதனைக்குப் போகும் மருத்துவமனையில் கருவியின் மாடலைச் சொல்லி, வேலையிடத்துக்கான தூரங்களை எழுத்தில் வாங்கிவரச் சொல்லுங்கள்.

முதலுதவி அறை: மருத்துவக் கருவிகளுக்கான ஐஇசி 60601-1-2 தரத்தின் 2014 பதிப்பு, கையடக்க ரேடியோ 30 செ.மீ. தூரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சோதிக்கச் சொல்கிறது. மேலே நண்பர் அலைநீளம் கணக்கிட்ட அந்த 28 வோல்ட்/மீட்டர் அதில் அப்படியே வருகிறது. அதற்கு முந்தைய கருவியாக இருந்தால் 1 மீட்டர் வையுங்கள். ஈசிஜி எடுக்கும்போது நோயாளியின் பையில் போன் இருந்தால் எடுத்துத் தள்ளி வையுங்கள், லீட் வயர்களின் மேல் வைக்காதீர்கள். ஈசிஜி கோடு தடித்து இரைச்சலாக வந்தால் முதலில் போன், சார்ஜர் இரண்டையும் தள்ளிவிட்டு மறுபடி எடுங்கள், பிறகுதான் உடலில் எலக்ட்ரோடு ஒட்டிய விதத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

ஏஇடி-க்கு ஒரு வார்த்தை. "போன் கூடாது" என்று அதன் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடாதீர்கள். ஆம்புலன்ஸை அழைப்பது தாமதமாகும். அழைக்க வேண்டும், ஸ்பீக்கரில் போட்டு நோயாளியின் மார்பிலிருந்து 2 மீட்டர் தள்ளித் தரையில் வைக்க வேண்டும். "பகுப்பாய்வு செய்கிறது" என்று கருவி சொல்லும் நொடிகளில் நோயாளியை யாரும் தொடக்கூடாது, கருவியின் பக்கத்தில் போனை நீட்டக்கூடாது. அவ்வளவுதான்.

---

களப்பணி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்றாகப் பிரித்துச் சொன்னது பெரிய வெளிச்சம். இன்னும் சில சந்தேகங்கள். பேட்டரி அறை விட்டுப்போயிற்று. பராமரிப்புக் குழுவினர் ஜோன் 1-இல் படம் எடுக்க வேண்டியிருக்கிறது, அதற்காக வெடிப்புக் காப்பு போன் வாங்கப் போகிறோம். எதைப் பார்த்து வாங்குவது? ஜோன் 2-இல் பெர்மிட்டோடு சாதாரண போன் அனுமதிக்கலாமா?

---

மின்தடை எழுதியது:

போனின் முதுகில் ஒரு வரி பொறித்திருக்கும். உதாரணம்: எக்ஸ் ஐபி ஐஐசி டி4 ஜிபி (Ex ib IIC T4 Gb). இடமிருந்து வலமாகப் படியுங்கள். "எக்ஸ்" என்றால் வெடிப்புக் காப்பு வகை. "ஐபி" என்பது பொறி எழும் அளவுக்கு ஆற்றல் வெளியே வராதபடி உள்ளேயே கட்டுப்படுத்திய முறை. "ஐஐசி" வாயுக் குழு. உங்கள் மூன்று கரைப்பான்களுக்கும் ஐஐபி போதும், ஆனால் பேட்டரி அறையின் ஹைட்ரஜனுக்கு ஐஐசி வேண்டும், ஆகவே ஐஐசி-யாகவே வாங்கிவிடுங்கள், ஒரே போன் எங்கும் போகும். "டி4" என்றால் மேற்பரப்பு 135 டிகிரியைத் தாண்டாது. உங்கள் கரைப்பான்களுக்கு இது தாராளம். என்றைக்காவது கார்பன் டைசல்பைடு வந்தால் டி6, அதாவது 85 டிகிரி வேண்டும். டி4 போனை அங்கே கொண்டுபோகாதீர்கள். கடைசி "ஜிபி" ஜோன் 1-க்கும் 2-க்கும் போதுமானது. "ஜிசி" என்று இருந்தால் ஜோன் 2 மட்டும். விற்பவர் "எக்ஸ் போன்" என்று சொன்னதோடு நிற்காதீர்கள். ஜிசி போனை வாங்கி ஜோன் 1-க்குக் கொண்டுபோவது நடக்கிற தவறு.

சான்றிதழ் எண்ணின் கடைசியில் ஆங்கில எக்ஸ் எழுத்து இருந்தால் சிறப்பு நிபந்தனைகள் உண்டு என்று பொருள். அந்த நிபந்தனைகளைப் படித்து உங்கள் விதியில் அப்படியே சேருங்கள். சுற்றுப்புற வெப்ப எல்லையையும் பாருங்கள். எழுதவில்லை என்றால் மைனஸ் 20 முதல் 40 டிகிரி வரைதான். வெயிலில் டேங்க் தகட்டின் மேல் வைத்த போன் 40-ஐ எளிதில் தாண்டும்.

வாங்கிய பிறகு கெடுப்பதுதான் அதிகம். ஜோனுக்குள் சார்ஜ் போடக்கூடாது, சார்ஜ் மூடியைத் திறக்கவும் கூடாது. தயாரிப்பாளர் பெயர் சொன்ன சார்ஜர், ஹெட்செட், உறை தவிர வேறெதையும் மாட்டக்கூடாது. வெளிக் கடையில் திரை மாற்றினால் சான்றிதழ் அங்கேயே செத்துவிடும். திரையில் விரிசல், ஸ்குரூ இல்லை, ரப்பர் மூடி கிழிந்தது, எந்த ஒன்று இருந்தாலும் அது இனி சாதாரண போன்தான். உலர்ந்த துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின் ஏறும், ஈரத்துணியால் துடையுங்கள். ஷிப்ட் தொடங்கும்போது ஒரு நிமிடம் திருப்பிப் பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

பேட்டரி அறை: லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் முடியும் தறுவாயிலும் சமநிலைச் சார்ஜின்போதும் ஹைட்ரஜனை அதிகமாக விடும். காற்றில் 4 சதவீதம் ஆனாலே எரியும், பற்றவைக்க 0.02 மில்லிஜூல் போதும், டொலுவீனுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அது கரைப்பானுக்கு நேர்மாறாக மேலே ஏறும், கூரையடியில் தேங்கும். வென்ட் விசிறி ஓடினால்தான் சார்ஜர் ஓட வேண்டும் என்று இணைப்புக் கொடுத்திருக்கிறார்களா பாருங்கள். போன் விஷயத்தில் இந்த அறைக்கே உரிய இன்னொரு ஆபத்து: செல்களின் மேல் குனிந்து தண்ணீர் அளவு பார்க்கும்போது உலோக விளிம்புள்ள போன் இரண்டு முனைகளுக்கு நடுவே விழுந்தால் நேரடி ஷார்ட். பொறி, உருகிய உலோகம், பக்கத்தில் ஹைட்ரஜன். அந்த அறையில் போன் மட்டுமல்ல, மோதிரமும் உலோகக் கடிகாரமும் வெளியே.

ஜோன் 2-இல் சாதாரண போன்: முடிந்தவரை வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் நெருப்பு வேலை பெர்மிட்டுக்குச் சமமாக நடத்துங்கள். நுழையும் முன் வாயு அளவி பூஜ்யம் காட்ட வேண்டும், வேலை முடியும்வரை அது பக்கத்திலேயே ஓட வேண்டும், எச்சரிக்கை அடித்தால் போனை அணைக்க நிற்காமல் அப்படியே வெளியே வர வேண்டும். அந்த நேரத்தில் மாதிரி எடுப்பதோ டிரம் திறப்பதோ சுற்றிலும் நடக்கக்கூடாது. ஜோன் 1-க்கு இந்தப் பெர்மிட் வழியே கிடையாது.

அவசரத்தில் என்ன செய்வது என்றும் ஒரு வரி எழுதுங்கள். கசிவைப் பார்த்தவர் அங்கே நின்று போன் தேடக்கூடாது. எல்லைக்கு வெளியே, காற்று வரும் திசைக்கு வந்த பிறகு அழைக்க வேண்டும். எல்லையில் நிலையான தொலைபேசி ஒன்றோ அலாரம் பொத்தானோ இருந்தால் இன்னும் நல்லது.

---

எர்த்_வயர் எழுதியது:

பெட்ரோல் பங்க் கேள்வியை யாரும் தொடவில்லை.

பேசுவதாலேயே தீப்பிடித்தது என்று உறுதியான சம்பவம் எதையும் நான் அறியேன். பங்கில் எரிபொருள் நிரப்பும்போது திடீரென்று பிடிக்கும் தீக்குத் தெரிந்த காரணம் நிலைமின். பெட்ரோல் நிரப்பத் தொடங்கிவிட்டு, குழாயைத் தாழிட்டுவிட்டு, மறுபடி காருக்குள் போய் உட்காருகிறார்கள். இருக்கைத் துணியில் உரசி எழும்போது உடலில் பல ஆயிரம் வோல்ட் ஏறுகிறது. திரும்பி வந்து குழாயைத் தொட்டதும் ஆவியின் நடுவே பொறி.

உடலின் மின்தேக்குத் திறனை 150 பைகோபாரட் என்று வையுங்கள். விரலில் சுருக்கென்று உணர ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். அந்த நிலையில் சேர்ந்திருக்கும் ஆற்றல் 0.68 மில்லிஜூல். பெட்ரோல் ஆவிக்குக் கால் மில்லிஜூல் அளவே போதும். அதாவது உங்களுக்கு லேசாகச் சுருக்கென்று பட்டாலே அந்தப் பொறி தீவைக்கும் அளவைத் தாண்டிவிட்டது. 10,000 வோல்ட் ஏறியிருந்தால் 7.5 மில்லிஜூல்.

ஆகவே வகுப்பில் "போன் பேசாதே" என்று மட்டும் சொல்லி முடித்தால், காருக்குள் ஏறி இறங்கும் பழக்கம் கவனிக்கப்படாமலே போகும். இப்படிச் சொல்லுங்கள்: இன்ஜினை நிறுத்தி இறங்கியதும் டேங்க் மூடியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத உலோகத்தை வெறுங்கையால் தொடு. நிரப்பி முடியும்வரை உள்ளே போகாதே. போனை எடுக்காதே, அது பேட்டரி உள்ள பொருள், கை நழுவும், கவனம் போகும், நிரம்பி வழியும். கட்டணம் போனில் செலுத்துவதானால் குழாயை மாட்டிய பிறகு, பம்பிலிருந்து விலகி நின்று செலுத்து. கேனில் பிடிப்பதானால் வண்டியின் பின்பெட்டியிலோ பிளாஸ்டிக் விரிப்பின் மேலோ வைத்துப் பிடிக்காதே, தரையில் இறக்கி, குழாய் முனை கேனின் வாயைத் தொட்டிருக்கும்படி மெதுவாகப் பிடி. தீப்பிடித்தால் குழாயை வெளியே இழுக்காதே. இழுத்தால் எரியும் பெட்ரோல் சுற்றிலும் தெறிக்கும். அப்படியே விட்டு விலகி, அவசர நிறுத்தத்தை அழுத்தச் சொல்.

உங்கள் டிரம் கொட்டகைக்கும் இதுதான். போனை லாக்கரில் பூட்டிவிட்டு, டிரம்மை எர்த் கிளிப் இல்லாமல் நிரப்பினால் பயனில்லை. கிளிப்பின் பல் பெயின்ட்டைத் துளைத்து உலோகத்தைக் கடிக்க வேண்டும். பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கும் கிளிப் அழகுக்குத்தான்.

---

அலைநீளம் எழுதியது:

ஃபிளைட் மோடு பற்றி ஒரு திருத்தம். இப்போதைய போன்களில் ஃபிளைட் மோடு போட்டாலும் புளூடூத், வைஃபை தொடரலாம். கடைசியாக வைத்த நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும். அவற்றின் திறன் 0.1 வாட்டுக்குள்தான், ஆய்வகத்தில் 1 மீட்டர் தள்ளி வைத்தால் சரி. ஆனால் "ஃபிளைட் மோடு, பிறகு இரண்டும் அணைந்திருக்கிறதா பார்" என்று விதியில் எழுதுங்கள். சில போன்கள் சுவிட்ச் ஆஃப் செய்த பிறகும் தொலைந்தால் கண்டுபிடிப்பதற்காக மெல்லிய புளூடூத் சிக்னல் விடும்.

---

இதயத்துடிப்பு எழுதியது:

அதோடு ஒன்று. ஊழியர்கள் யாராவது எம்ஆர்ஐ எடுக்கப் போனால், அங்கே ஃபிளைட் மோடு என்ற பேச்சே இல்லை. 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா காந்தம் இரவும் பகலும் விழித்தே இருக்கும், ஸ்கேன் ஓடாத நேரத்திலும். அறைக்குள் கொண்டுபோன போன் கையிலிருந்து பறந்துபோய் காந்தத்துக்குள் இருக்கும் நோயாளியைத் தாக்கலாம். லாக்கர்தான், வேறு வழியில்லை. அந்தக் காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியம் கசிந்தால் சில போன்கள் அப்படியே செத்துவிடுகின்றன. உள்ளே நேரம் காட்டும் நுண் அதிர்வியின் உறைக்குள் ஹீலியம் புகுந்து அதை நிறுத்திவிடுகிறது. சில நாள் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் பெரும்பாலும் மீண்டும் எழும். ஹீலியம் சிலிண்டர் வைத்திருக்கும் ஆய்வகங்களுக்கும் இது பொருந்தும்.

---

களப்பணி எழுதியது:

வரைவு தயார், பாருங்கள்.

சிவப்பு (பேட்டரி உள்ள எந்தச் சொந்தப் பொருளும் லாக்கரில்): டேங்க், டிரம் கொட்டகை, பேட்டரி அறை. ஐஐசி டி4 ஜிபி குறி உள்ள, அன்று சோதித்த போன் மட்டும் உள்ளே. டேங்குக்குள் அதுவும் இல்லை.
மஞ்சள் (ஃபிளைட் மோடு, புளூடூத் அணைத்து, 1 மீட்டர்; இல்லாவிட்டால் 3 மீட்டர்): ஆய்வகம், எடைமேடை, கதவு திறந்த பேனல்.
பச்சை: அலுவலகம், கேன்டீன், மூடிய பேனலிலிருந்து 1 மீட்டருக்கு அப்பால்.
ஐசிடி உள்ளவருக்குத் தனித் தாள்.

---

மின்தடை எழுதியது:

நன்றாக இருக்கிறது. ஒரு மாற்றம்: கதவு திறந்த பேனல் டிரம் கொட்டகைக்குள்ளேயே இருந்தால் அது மஞ்சள் இல்லை, சிவப்பு. இரண்டு நிறம் மோதும் இடத்தில் கடுமையானதே செல்லும் என்று ஒரு வரி சேருங்கள்.

இன்னொன்று, வரைவில் தூசி இல்லை. பொடி கையாளும் பகுதி ஏதாவது இருந்தால் அது ஜோன் 20, 21, 22 கணக்கில் வரும். போனின் முதுகில் வாயுக் குறி ஜிபி மட்டும் இருந்தால் அங்கே செல்லாது. ஜோன் 21, 22-க்குத் தூசிக்கென்று தனியாக டிபி (Db) குறியும் ஐஐஐசி (IIIC) குழுவும் பொறித்திருக்க வேண்டும். வாங்கும் முன் அந்த இரண்டாவது வரியும் இருக்கிறதா என்று பாருங்கள்.